ஆகாயத்தாமரைக்கு ஒரு நாற்றங்கால்

போன வாரம் இரண்டு பேர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். இருவரையும் நான் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த அறக்கட்டளையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்கள். ‘அக்கா, உங்க மிதக்கும் நாற்றங்கால் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கோம். இன்னொரு ஏரியில அதையே செய்யப் போறோம். வரைபடம் இருந்தா அனுப்புவீங்களா? கூடவே உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தா, எங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்.’ கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று, பச்சை இலை ஒன்று.

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் அனுபவக் கட்டுரை கேட்கிறார்கள். கேட்டதில் தப்பில்லை, அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம் எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது முகப்பேரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வீட்டு ப்ளான் வரைகிறேன். படுக்கையறை எந்தப் பக்கம், பூஜை அலமாரி எந்த மூலை. மத்தியானம் தூக்கம் வரும்.

இரண்டு பக்கத்தில் முடியாது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சிவில் இன்ஜினியரிங், ஆவடியைத் தாண்டி ஒரு கல்லூரி. கல்லூரிப் பேருந்து தினமும் ஓர் ஏரியைக் கடந்து போகும். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, அதன்மேல் ஊதாப் பூ. மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் படம் எடுப்பார்கள். நான் ‘இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்’ என்று நோட்டில் எழுதுவேன். பிறகு வெளியூரில் ஒரு மாதம் பின்னல் பயிற்சி. அறக்கட்டளையில் சேர்ந்த முதல் நாள் காலையில் மூன்று யோசனை சொன்னேன், சாப்பாட்டு மணிக்குள் நான்காவது. அப்படிப்பட்ட ஆள்.

நான் வேலை பார்த்ததும் அதே ஏரியில்தான். அது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பாசன ஏரி. இப்போது ஒரு பக்கம் பட்டறைகள், ஒரு பக்கம் அடுக்குமாடிகள். இன்னொரு பக்கம் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம். கலங்கலுக்குக் கீழே, வழிகிற தண்ணீர் ஓடும் கால்வாயை ஒட்டி, தளம் போட்ட சின்ன வீடுகளாக ஒரு தெரு. அந்தத் தெருப் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்து, ஆகாயத்தாமரைத் தண்டில் கூடையும் பையும் பாயும் பின்னும் கூடம் ஒன்றை நடத்துவதுதான் என் வேலை.

வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் அண்ணன் நான்கு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பத்தில் போவார். நீளக் கொக்கியால் செடியை இழுத்துக் கரையில் போடுவார். அவர் அதைச் செடி என்றே சொல்லமாட்டார். “சனியன்” என்பார். கரையில் வேரையும் இலையையும் வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் எடுப்போம். வேரை எருவாக்கிக் கீரைக்குப் போடலாமே என்று பலர் கேட்டார்கள். பட்டறைக் கழிவெல்லாம் இறங்குகிற ஏரி, வேரில் என்ன ஏறியிருக்கிறதோ என்று பயந்து யாருக்கும் கொடுக்கவில்லை. நான் உருப்படியாக யோசித்த விஷயங்களில் அது ஒன்று.

தண்டை மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். தலைச்சுமை பச்சைத் தண்டு காய்ந்தால் ஒரு கைப்பிடி ஆகும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை. பிறகு தட்டையாக்க வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த கருவி, கையால் சுற்றுகிற பழைய கரும்பு ஜூஸ் மெஷின். இரண்டு உருளைக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் தண்டு நாடா மாதிரி வரும். வெயிலில் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி, “ரெண்டு ஜூஸ்” என்பார்கள்.

“ஐஸ் இல்ல, பர்வால்லியா?” என்பார் பின்ன வரும் கஸ்தூரி, முகம் மாறாமல்.

பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் நூர்ஜஹான் அக்கா. பூந்தமல்லியில் பிரம்பு நாற்காலி பின்னுகிற குடும்பம், தினமும் பஸ் பிடித்து வருவார். அவர்தான் முதல் வாரத்திலேயே எனக்கு அந்த முக்கியமான விஷயத்தைக் காட்டினார். ஏரி நடுவில் நெருக்கியடித்து வளர்ந்த செடி ஒன்று, கரையோரம் தனியாக மிதந்த செடி ஒன்று. நெருக்கத்தில் வளர்ந்ததற்குத் தண்டு முழங்கையைத் தாண்டி நீளமாக, மெலிசாக இருந்தது. தனியாக மிதந்ததற்கு அரைச்சாண்தான், நடுவில் பலூன் மாதிரி உப்பல்.

“பாத்துக்கோ கண்ணு. எடம் தாராளமா இருந்தா இது சோம்பேறியாய்டும். ஒண்ணுமேல ஒண்ணு இடிச்சிகினு வளந்தாதான் நமக்கு வேல நடக்கும்.”

ஏரி எவ்வளவு மூச்சுத் திணறுகிறதோ, தண்டு அவ்வளவு நல்ல தண்டு. எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். நான் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

இனி சம்பத் சார். என் மேலாளர். அவரைக் கெட்டவராக நினைத்துக்கொள்ளாதீர்கள், அது எனக்கே வசதியான பொய். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், என்னை ‘அம்மா’ போட்டுத்தான் பேசுவார். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். அறிக்கை கொடுத்தால் நின்றுகொண்டே படிப்பார். சட்டைப் பையிலிருந்து கூராகச் சீவிய பென்சிலை எடுத்து, ‘மிகவும்’, ‘அற்புதமான’, ‘பெரும்’ என்று எதிர்ப்படுகிற ஒவ்வொன்றையும் மெல்லிய கோட்டால் அடிப்பார். என் முதல் அறிக்கையில் அடித்தது போக ஆறு வாக்கியம் மிஞ்சியது. கோபம் வந்தது. படித்துப் பார்த்தால் முன்பைவிட நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

எல்லா அடித்தலும் முடிந்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

“சரிம்மா. எத்தனை குடும்பம்?”

எத்தனை குடும்பம் பயன்பெறும் என்று அர்த்தம். அதற்கு ஓர் எண் சொல்ல முடிந்தால் திட்டம் நகரும், இல்லாவிட்டால் பென்சில் பைக்குள் போய்விடும். நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். அவர் வாய் திறக்கும் முன்பே எண்ணைச் சொல்லத் தொடங்கினேன்.

அந்த எண் எட்டு. எட்டில் ஒருவர்தான் கஸ்தூரி. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக பேக்கிங். பி.எஃப். பிடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடத்துக்கு வந்து பின்னுவார். வாரம் முழுக்க வருகிறவர்களைவிட அவர் கை வேகம். அந்தக் கையை விட மனம் வரவில்லை எனக்கு. கம்பெனியை விட்டுவிட்டு வரச் சொல்லி இரண்டு மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

“கம்பெனிய உட்டுட்டு வாங்கற. நாளைக்கு இந்தச் செடியே இல்லாம பூட்ச்சின்னா இன்னா பண்றது மேடம்?”

“இது போகாதுக்கா. உலகத்துல யாராலயும் இதை ஒழிக்க முடியலை. ரெண்டு வாரம் விட்டா ரெண்டு மடங்காகும்.”

“அப்போ எங்க மாமியார் வாய விட வேகமா வளருதுன்ற.”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவர் கம்பெனியிலிருந்து நின்றார். என் பேச்சை நம்பி நின்றார். இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. அடுத்த கோடையில் ஏரிக்கு மெஷின் வந்தது. மிதந்துகொண்டே செடியை வாரி வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிற பெரிய இயந்திரம். ஏரியைச் சுத்தம் செய்யச் சொல்லி அடுக்குமாடிக்காரர்கள் வருடக்கணக்காக மனுக் கொடுத்ததன் பலன். ஆறே வாரத்தில், நான் கல்லூரி நாளிலிருந்து பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன், தண்ணீரை. வானம் அதில் தெரிந்தது. சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு லட்டு. கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். சுற்றுச்சூழல் சுற்றுச்சூழல் என்று ஐந்து வருடம் பேசியவள், சுத்தமான ஏரியைப் பார்த்து வயிறெரிந்து நின்றேன்.

இருப்பு வைத்திருந்த தண்டு ஒரு மாதத்தில் தீர்ந்தது. கரையோரம் தப்பிய செடிகள் ஒவ்வொன்றாக மிதந்தன, தாராளமாக இடம் விட்டு. ஏகாம்பரம் அண்ணன் வாரிக்கொண்டு வந்து போட்டார். கஸ்தூரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னா மேடம் இது, குண்டு குண்டா கீது? இத்த வச்சிகினு கூடை பின்றதா, பஜ்ஜி போட்றதா?”

“ரெண்டு வாரம் பொறுங்கக்கா.”

“நீதான சொன்ன, ஒலகத்துலயே ஒழிக்க முடியாதுன்னு? ஒழிச்சிட்டானே.”

“கஸ்தூரி, வாய வச்சிகினு சும்மா கீறியா?” என்றார் நூர்ஜஹான் அக்கா. அவர் கையிலும் வேலை இல்லை.

தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு ஒரு கம்பெனி கேட்டிருந்தது. கையில் தண்டு இல்லை. பெண்கள் வருவார்கள், கூடத்தைப் பெருக்குவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். அப்படி ஒரு மத்தியானம்தான் கஸ்தூரி, யாருக்கும் குறிப்பாகச் சொல்லாமல், அந்த வார்த்தையைச் சொன்னார்.

“எங்கம்மா இந்த ஏரித் தண்ணில நடவு நட்டவ. அறுப்பு முடிஞ்சா அடுத்த நடவுக்கு நாத்தங்கா உடுவாங்க. நாத்தங்கா இல்லாம நடவு ஏது? இத்தயும் ஒரு மூலைல உட்டு வச்சிருந்தா ஆயிருக்கும்.”

நாற்றங்கால். நெல் நாற்றை நெருக்கமாக வளர்த்துப் பிறகு பிடுங்கி நடுவார்களே, அந்தச் சின்னப் பாத்தி. நெருக்கமாக! நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அதுவரை எங்களுக்கு அது செடி, சரக்கு, சனியன். அந்த வார்த்தை விழுந்ததும் அது பயிராகிவிட்டது. அறுக்கிற ஒன்று விதைக்கிற ஒன்றாக மாறிவிட்டது. கஸ்தூரி பேச்சுவாக்கில் சொன்னதை நான் அன்று மாலையே வரைந்துவிட்டேன்.

அந்த வரைபடத்தைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அழகான வரைபடம், இப்போதும் அழகுதான். சவுக்குக் கம்பு நட்டு, நீல நைலான் வலை சுற்றி, இடையிடையே காற்றடைத்த டிரம். அதற்குள் செடி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வளரும், வெளியே ஏரி சுத்தமாக இருக்கும். எந்த இடத்தில்? ஏரிக்குள் சாக்கடைக் கால்வாய் இறங்குகிற வாயருகில். அங்கேதான் செடிக்குச் சாப்பாடு அதிகம். எத்தனை செடி விட்டால் எத்தனை நாளில் எத்தனை கட்டு தண்டு கிடைக்கும் என்று நான்கு பக்கத்துக்குக் கணக்குப் போட்டேன். மழைக்கு அந்தக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வரும் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. சிவில் இன்ஜினியர் நான்.

சம்பத் சார் நின்றுகொண்டே படித்தார். ‘புரட்சிகரமான’ என்பதை அடித்தார்.

“எத்தனை குடும்பம்?”

“எட்டு சார்.”

“அனுமதி?”

“கேட்டா ஒரு வருஷம் ஆகும் சார்.”

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “சோதனை முயற்சின்னு போடுங்கம்மா. சின்ன அளவு. அனுமதி பின்னாடி பார்த்துக்கலாம்.”

கம்பு நடும்போது ஏகாம்பரம் அண்ணன் முரண்டு பிடித்தார்.

“மேடம், இந்த எடம் வாணாம். காவா வாய்லயே கீது.”

“அதனாலதாண்ணே இந்த இடம். சாக்கடைதான் இதுக்குச் சோறு.”

“இப்போ பாத்தா நூலாட்டம் வருது. மழைக்கு இந்தக் காவா வேற ஆளு மேடம்.”

“நான் கணக்குப் போட்டுட்டேண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். கம்பை நட்டார்.

நாற்றங்கால் அமோகமாக வந்தது. மூன்று மாதத்தில் அதன்மேல் கொக்கு நடந்து போகும். தண்டு முழங்கையைத் தாண்டியது. தீபாவளிப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன, அடுத்த ஆர்டர் வந்தது. கூடத்தின் தகரக்கூரை ஒழுகியதால், காய்ந்த தண்டையும் முடித்த பைகளையும் கஸ்தூரி தன் வீட்டில் வாங்கி அடுக்கிக்கொண்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்கு வெற்றி.

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார்.

“மேடம், உன் நாத்தங்கா கெளம்பிப் போய்கினே கீது.”

முழங்கால் தண்ணீரில் ஓடினேன். கரையில் ஏறிப் பார்த்தால், ஒரு தீவு போய்க்கொண்டிருந்தது. கம்பு, டிரம், நீல வலை எல்லாவற்றோடும், பூத்த தலையோடு, நிதானமாக, கலங்கலைப் பார்த்து. மேலே ஒரு கொக்குகூட நின்றுகொண்டிருந்தது. கால்வாய் வாயில் ஆளுயரத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வேற ஆள்தான்.

தீவு கலங்கலில் ஏறிச் சரிந்து, கீழே கால்வாயில் விழுந்து, சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற மூன்று குழாயிலும் அடைத்துக்கொண்டது. வெறும் செடியாக இருந்தால் பிய்ந்து போயிருக்கும். எங்கள் வலை அதைப் பிய்யவிடவில்லை. போக வழியில்லாத தண்ணீர் பக்கத்தில் திரும்பியது. பக்கத்தில்தான் தெரு.

ஏகாம்பரம் அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தியால் வலையை அறுத்தார். நைலான் கத்தியை வழுக்கிவிடும், அது எனக்கு அன்று தெரிந்தது. குழாய் திறக்க நான்கு மணி நேரமானது. அதற்குள் தெருவில் இடுப்பளவு.

கஸ்தூரியின் வீடு மூன்றாவது. வாசலில் நின்றிருந்தார், தலையில் காஸ் அடுப்பு. உள்ளே அடுக்களையில் ஆகாயத்தாமரை சுற்றிச் சுற்றி மிதந்தது, ஊதாப் பூவோடு. அடுக்கி வைத்த பைகள் ஊறிக் கரைந்து, பின்னல் அவிழ்ந்து, அதோடு சேர்ந்து சுற்றின. என்னைப் பார்த்தார்.

“வா மேடம். சரக்கு ஊட்டுக்கே வந்துட்ச்சி. இனிமே ஏரிக்குப் போற வேலையே இல்ல.”

பின்னால் தெருக்காரர் ஒருவர் தண்ணீரிலிருந்து வலைத் துண்டை இழுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“எவன்டா இத்தப் போட்டது? எவன் வலைடா இது?”

கஸ்தூரிக்குத் தெரியும். வலையின் ஓரத்தை மடித்துத் தைத்தவரே அவர். என்னைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்.

“மீன் புடிக்கிறவனுங்களோடதா இருக்கும்,” என்றார்.

யாருக்காகச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்காகவா, அதே தெருவில் குடியிருக்க வேண்டிய அந்த எட்டுப் பேருக்காகவா. நான் வாயைத் திறந்து, ‘இல்லைங்க, அது என்னோடது’ என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். இந்தக் கட்டுரையில் நான் எத்தனை சொல் எழுதினாலும் அந்த மூன்றுக்கு ஈடாகாது.

தண்ணீர் வடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய், சுவரில் கறை நின்ற உயரத்தை வீடு வீடாக அளந்தேன். முப்பத்தாறு வீடு. ‘நிவாரணத்துக்காம்மா?’ என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். ‘ஆமா’ என்றேன். சம்பத் சார் வந்தார், கான்வாஸ் ஷூவோடு. அரிசி மூட்டையைத் தானே தோளில் தூக்கி வீட்டுக்கு வீடு இறக்கினார். அதில் நடிப்பு இல்லை. அதை நான் பார்த்தேன்.

மறுவாரம் அறிக்கை கொடுத்தேன். ‘நாற்றங்கால் தவறான இடத்தில் அமைக்கப்பட்டதே அடைப்புக்குக் காரணம்.’ சார் நின்றபடி படித்தார். பென்சில் அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை அடித்தது.

“இது அபிப்பிராயம்மா.”

“சார், நான்தான் வரைஞ்சேன். வலை நம்மளோடது.”

“மழை பெஞ்சது உண்மையா இல்லையா?”

“உண்மை சார்.”

“அதை எழுதுங்க.” பக்கத்தைத் திருப்பினார். “எத்தனை குடும்பம்?”

“முப்பத்தாறு சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. தப்பாகப் பதில் சொன்ன நல்ல மாணவியைப் பார்க்கிற மாதிரி.

“நான் கேட்டது பயன்பெற்ற குடும்பம்மா.”



“எட்டு,” என்றேன்.

இதோடு வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. இன்னும் எட்டு மாதம் இருந்தேன். தீவு ஏரியைக் கடந்த வழியில் சிதறிய செடி ஏரி முழுக்கப் பிடித்துக்கொண்டது, கோடைக்குள் பழையபடி ஊதாக் காடு. தண்டு பிரமாதம். இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்தது. ஒரு ஹோட்டல் அரங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். ‘மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்க’ என்று ஒரு ஸ்லைடு. அதில் என் வரைபடம், பக்கத்தில் கொக்கு நிற்கிற நாற்றங்காலின் படம். கைதட்டினார்கள். நன்றாகத்தான் பேசினேன், வேகமாக, இடையில் ஒரு நகைச்சுவையோடு. நீங்கள் ‘நிறையக் கேள்விப்பட்டது’ அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

ஆனால் கஸ்தூரி வெள்ளத்துக்குப் பிறகு கூடத்துக்கு வரவில்லை. பழைய கம்பெனிக்கே போய்விட்டார், இந்த முறை ஒப்பந்தக்காரர் மூலம், புது ஆளாக. அதே மேஜை, அதே பெட்டி, பதினோரு வருடம் மட்டும் இல்லை. ஜூஸ் மெஷின் பக்கத்தில் பைக் நிறுத்தி ஜூஸ் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. “இல்லைங்க, இது வேற மெஷின்” என்று நூர்ஜஹான் அக்கா விளக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அங்கே உட்கார முடியாமல் போனது.

ராஜினாமாக் கடிதத்தையும் சம்பத் சார் நின்றபடிதான் படித்தார். பழக்க தோஷம், பென்சில் வெளியே வந்தது. ‘மிகுந்த மனவேதனையுடன்’ என்பதில் ‘மிகுந்த’வை அடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ரப்பர் தேடி, அடித்த கோட்டை அழித்தார்.

உங்கள் செய்தி வந்த பிறகு, ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கஸ்தூரி கூட்டத்திலிருந்து வந்தார்.

“இன்னா மேடம், எளச்சிட்ட? ஊட்டு ப்ளானு போட்றியாமே. ஒயுங்கா போடு, ஒயுவப் போவுது.”

“நல்லா கீறீங்களாக்கா?” என்றேன். அவர் பாஷை என் வாயில் வந்ததற்கு அவர் சிரிக்கவில்லை. வரைபடம் கேட்கிறார்கள் என்று சொன்னேன்.

“எத்த?”

“நாத்தங்கால்.”

கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார். “அந்த ஏரிக்குக் கீய ஊடு கீதா?”

“தெரியலைக்கா.”

“தெரியாமதான அப்பவும் வரஞ்ச.”

பஸ் வந்தது. எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று ஓடிக்கொண்டே கேட்டேன். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

“வேற பேரு வை. கஸ்தூரின்னு வை. மூணாவதா பொண்ணு பொறந்தா வைக்கலாம்னு இருந்தேன்.”

வீட்டுக்கு வந்து பழைய கோப்பைத் திறந்தேன். வடக்கு அம்பு, அளவுகோல், கம்புக்குக் கம்பு இடைவெளி எல்லாம் சரியாக இருக்கின்றன. தாள் ஏரிக்கரையோடு முடிகிறது. கரைக்குக் கீழே நான் எதையும் வரைந்திருக்கவில்லை, வெறும் வெள்ளை. அதற்குக் கீழே இன்னொரு தாளைச் சேர்த்தேன். கலங்கல், கால்வாய், மூன்று குழாய், தெரு. முப்பத்தாறு பெட்டி வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வீட்டுச் சுவரில் கறை நின்ற உயரத்தை எழுதியிருக்கிறேன். டேப் அளவு இன்னும் அந்த நோட்டில் இருந்தது, நட்சத்திரம் போட்ட பக்கத்துக்கு இருபது பக்கம் தள்ளி.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முழுத்தாளையும் திறந்து பாருங்கள். நீளமாக இருக்கிறது, ஸ்லைடில் அடங்காது. கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுத்தான் போடுவீர்கள். நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.